தேர்தல் நோன்பு

ஒரு தடவைகூட இல்லை. கல்யாணமாகி இருபத்தொரு வருஷத்தில் நாலு சட்டமன்றத் தேர்தல் வந்து போய்விட்டது. நாலிலும் நீங்கள் சொன்ன பட்டனை நான் ஒரு தடவைகூட அழுத்தவில்லை.

பக்ருன்னிசா இதை வாயால் சொல்லவில்லை. புருஷனின் வலது பாதத்தை மடியில் ஏந்திக்கொண்டு, விரலிடுக்குகளில் செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தபடி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். சர்க்கரைக்காரரின் பாதத்தைத் தினமும் சாயங்காலம் பார்க்க வேண்டும் என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். முள் ஏறினாலும் அவருக்குத் தெரியாது. கால் எப்போதோ மரத்துவிட்டது. பிறகு கண். வலது கண் ரெண்டு வருஷத்துக்கு முன்னால், இடது கண் போன வருஷ ரம்ஜானுக்கு அப்புறம்.

"ஒண்ணும் இல்லியே?" என்றார் வாஹித் பாஷா.

"ஒண்ணும் இல்ல. அந்தக் காலக் குடுங்க."

"மெஷின் வரிசையில நம்ம ஆளு எத்தினியாவது?"

"மூணு."

"மேல இருந்தா, கீழ இருந்தா?"

"கீழ இருந்து எண்ணுவாங்களா யாராவது? மேல இருந்துதான்."

"சொல்லிக் காமி. மேல இருந்து."

"ஒண்ணு, ரெண்டு, மூணு."

"ஆங்." திருப்தியாகச் சுவரில் சாய்ந்துகொண்டார். வெளியே ஆம்பூரின் சித்திரை வெயில் ஆறு மணி ஆகியும் இறங்காமல் தகரக் கூரைகளில் உட்கார்ந்திருந்தது. நாலாவது தெருவில் இருந்த தோல் பதனிடும் ஷாப்பின் வாடை காற்றில்லாததால் நகராமல் நின்றது. விடிந்தால் ஓட்டு.

வாஹித் பாஷா முப்பது வருஷம் தோல் ரகம் பிரித்தவர். ஷாப்பில் பதப்படுத்திக் காய்ந்து வரும் தோலை மேஜையில் விரித்து, ஒரு பார்வை, கட்டைவிரலால் ஒரு தடவல். பூச்சிக் கடி, முள் கீறல், நரம்போட்டம் எல்லாம் அந்தத் தடவலில் தெரிந்துவிடும். முதல் ரகம், ரெண்டாவது, மூணாவது, கழிவு என்று நாலு அடுக்காகப் போட்டுக்கொண்டே போவார். அவர் கட்டிக் கொடுத்த தோல்கட்டு எதையும் வாங்குகிறவர்கள் பிரித்துப் பார்த்ததில்லை. ஒருதடவை மெட்ராஸ் எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து புதுசாக வந்த ஆள் ஒருத்தன், "கட்டைப் பிரிங்க, நான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டான்.  வாஹித் பாஷா மேல்துணியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். மூணு நாள் கழித்து முதலாளியே ஸ்கூட்டரில் வந்து கூட்டிக்கொண்டு போனார். அந்தக் கதையை அவர் சொல்லாத கல்யாண வீடு கிடையாது.

இப்போது கண்ணும் இல்லை, தடவிப் பார்க்க விரலில் உணர்ச்சியும் இல்லை. டம்ளர் சூடாக இருக்கிறதா, ஆறியிருக்கிறதா என்று உதட்டில் வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்.

அவர்கள் வீட்டில் பேச்சு உருதும் தமிழும் கலந்து ஓடும். சமையல், நோய், பிள்ளையைத் திட்டுவது எல்லாம் உருது. அரசியல் என்றால் மட்டும் வாஹித் பாஷாவுக்குத் தமிழ்தான் வரும். பதினேழு வயசிலிருந்து கேட்ட மேடைப் பேச்செல்லாம் தமிழில்தானே. அந்த வயசில் கட்சிப் போஸ்டர் ஒட்டப் பசை வாளி தூக்கினவர். மறியலில் பிடித்துக்கொண்டு போய் வேலூர் ஜெயிலில் பதினொரு நாள் வைத்திருந்தார்கள். அந்தப் பதினொரு நாளைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் இன்றைக்கும் இளசாகிவிடும்.

முதல் தேர்தலின்போது பக்ருன்னிசாவுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்தான் முடிந்திருந்தது. எந்தப் பட்டன் என்று ஒரு அட்டையில் வரைந்து காட்டி அனுப்பினார். அதை அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். மெஷின் முன்னால் நின்றபோது ஒரு விஷயம் புரிந்தது: தடுப்பு அட்டைக்கு உள்ளே வேறு யாரும் இல்லை. பிறந்ததிலிருந்து அவள் தனியாக நின்ற முதல் இடம் அதுதான் என்று தோன்றியது. பேப்பரில் படித்து, மனசில் யோசித்து வைத்திருந்த வேறொரு பட்டனை அழுத்திவிட்டு வெளியே வந்தாள்.

"சரியாப் போட்டியா?"

"போட்டேன்."

"சத்தியமா?"

"அல்லா சத்தியமா."

அவ்வளவு சுலபமாக வந்தது. வீட்டுக்கு வந்து தொழுகைக்கு நின்றபோதுதான் சொன்னது என்னவென்று உறைத்தது. சத்தியத்தை மீறினால் மூணு நாள் நோன்பு வைக்க வேண்டும் என்று எப்போதோ ஒரு மார்க்கப் பேச்சில், பயானில் கேட்டிருந்தாள். அது பொய்ச் சத்தியத்துக்கும் பொருந்துமா என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் எந்தச் சத்தியம் என்று திருப்பிக் கேட்பார்கள். மறுநாளிலிருந்து மூணு நாள் நோன்பு பிடித்தாள்.

"இன்னாத்துக்கு இப்ப நோன்பு?" என்றார் அவர்.

"சும்மாதான். நஃபில் நோன்பு."

கடமையில்லாமல் விருப்பப்பட்டு வைக்கும் அந்த நோன்புக்கு அவர் தானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார். டீக்கடையில் போய்ச் சொல்லியும் விட்டார்: "எங்க வீட்டம்மா கட்சி ஜெயிக்கணும்னு நோன்பு வச்சிருக்காய்யா!" அந்த வருஷம் கட்சி ஜெயித்தது. அப்புறம் ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலுக்கும் அது வழக்கமாகிப் போனது. ஓட்டு, கேள்வி, சத்தியம், மூணு நாள் நோன்பு. தெருவில் அவளைப் பார்த்து, "உன்ன மாதிரி ஒரு மருமக எனக்கு வரலியே" என்று அஜீஸுன்னிசா பெருமூச்சு விடுவாள். பக்ருன்னிசா தலையைக் குனிந்துகொள்வாள். அதையும் அடக்கம் என்று சொன்னார்கள்.

ஓட்டுக்கு முந்தின நாளான அன்று காலை கம்பெனி வேனில், கண் தெரியாத புருஷனின் ஓட்டையும் அவளே போடப்போவதைப் பற்றித்தான் கேலி நடந்தது. பக்ருன்னிசா பன்னிரண்டு வருஷமாக ஷூ கம்பெனியில் வேலை செய்கிறாள். ஷூவின் மேல்பாகத் தோலின் ஓரத்தில் பசை தடவி, மடித்து, சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி ஒட்டுகிற வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் டப்பாவைத் திறக்கும் முன் பேப்பரைத் திறப்பவள் அந்த லைனில் அவள் ஒருத்திதான்.

"நிசாக்காவுக்கு இந்த வாட்டி ரெண்டு ஓட்டுடீ," என்றாள் சோபனா. தையல் மெஷினில் உட்காரும் பெண். முப்பது வயசு, வாய் ஓயாது. "அண்ணனோடதையும் இவங்கதான் போடப்போறாங்க. வூட்டுக்காரர் சொல்றபடி ஒண்ணு, இவங்க இஷ்டத்துக்கு ஒண்ணு."

"வூட்டுக்காரர் சொல்றபடி எதுக்குப் போடணும்?" என்றாள் மீனாம்பாள். ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவள். விடியுமுன் கிளம்பி வேன் பிடிக்கிறவள். "அந்தாளுக்கு எங்க தெரியப் போவுது? ஆனா எனக்கு ஒண்ணு சொல்லுக்கா. எவன் வந்தா நமக்கு இன்னா? எவன் வந்தாலும் நான் இதே வேன்லதான் தொங்கினு வரப்போறேன்."

"எவன் வந்தாலும்னு நீ சொல்லணும்னுதான் அவனுங்க காத்துக்கினு இருக்கானுங்க," என்றாள் பக்ருன்னிசா.

"ஆரம்பிச்சிட்டாங்கடீ."

"உங்க ஊருக்கு சாயங்காலம் ஒரு பஸ் வந்துச்சே, அது ஏன் நின்னுபோச்சு?"

"டிரைவர் இல்லன்னாங்க."

"யாரு சொன்னாங்க? டெல்லியில இருந்து வந்து சொன்னாங்களா? பஸ்ஸு, ரேஷன், கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடத்துல வாத்தியார் இருக்காரா இல்லியா, எல்லாம் இந்த எலெக்‌ஷன்ல ஜெயிக்கிறவன் கையிலதான். நம்ம தெருவுல போர் தண்ணி ஊத்துனா பால் திரியுது. மூணு வாட்டி கலெக்டர் ஆபீஸ் போய் மனு குடுத்தேன். நம்ம எம்எல்ஏ ஒரு வாட்டி வந்து அந்தத் தண்ணிய ஒரு வாய் குடிச்சிப் பாத்தானா? அவனை நாம கேள்வி கேக்கறதுக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு நாள் தராங்க. அன்னிக்கும் எவன் வந்தாலும்னு போனா எப்படி?"

"அந்த எம்எல்ஏவோட கட்சிதானேக்கா அண்ணன் கட்சி?" என்றாள் சோபனா.

வேனில் எல்லாரும் சிரித்தார்கள். பக்ருன்னிசாவும் சிரித்தாள்.

"ஆறாவதுல நிக்கிறாங்களே டீச்சரம்மா, அவங்களுக்குப் போட்ருங்கக்கா ரெண்டையும். அந்த மனுவெல்லாம் எழுதிக் குடுத்தது அவங்கதானே? அவங்களுக்கு யாரு போடப்போறாங்க. உங்க ஓட்டு ரெண்டுமாவது விழட்டும்."

டீச்சரம்மா ஜெயிக்க மாட்டார் என்று பக்ருன்னிசாவுக்கும் தெரியும். ஆனால் தேர்தல் முடிந்தபின் எந்தப் பூத்தில் யாருக்கு எத்தனை ஓட்டு என்று பட்டியல் வரும். போனதடவை மகள் இரம் அதைச் செல்போனில் எடுத்துக் காட்டியிருந்தாள். சின்ன எண்ணிக்கையில் ஒரு ஓட்டு கூடினாலும் தெரியும். இந்தப் பூத்திலும் இத்தனை பேர் கேள்வி கேட்டிருக்கிறார்கள் என்று தெரியும். அந்த நினைப்பு காலையிலிருந்து அவளைவிட்டுப் போகவில்லை. தோலை மடித்துத் தட்டும்போதெல்லாம் சுத்தியல் ரெண்டு, ரெண்டு என்று விழுந்துகொண்டிருந்தது.

பாதத்தைப் பார்த்து முடித்து அவள் கை கழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"வாஹித் பாய்! அஸ்ஸலாமு அலைக்கும்."

சமீருல்லா. வார்டில் கட்சிப் பொறுப்பாளர். ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஜெயிலுக்குப் போனார்கள். இடது கண்ணும் போனபின் அவர் இந்த வீட்டு வாசலை மிதிப்பது இதுதான் முதல்தடவை. பக்ருன்னிசா எண்ணி வைத்திருந்தாள். ஆனால் புருஷனின் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் டீ போட எழுந்தாள்.

"வாய்யா தோஸ்த்! எப்படி இருக்கு நம்ம ஏரியா?"

"டைட்டா இருக்கு பாய். போன வாட்டி மாதிரி இல்ல. ஒவ்வொரு ஓட்டும் வேணும். அதான் வந்தேன். நாளைக்கு நானே வந்து உங்களக் கூட்டினு போறேன். உள்ளாரயும் நானே வர்றேன். பாபிக்கு எதுக்குச் சிரமம்?"

"அவ இருக்காளே."

"இருக்காங்க. நான் இல்லன்னு சொல்லல." சமீருல்லா சமையலறைப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "பாபி பேப்பர் படிக்கிறவங்க. டீச்சரம்மாவோட மனுல மொதக் கையெழுத்தே பாபியோடதுன்னு கேள்வி. மூணு அழுத்தப் போய் விரல் ஆறுல விழுந்துட்டா?" சிரித்தார்.

பக்ருன்னிசா டீயை வடிகட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீரில் இன்றைக்கும் பால் லேசாகத் திரிந்திருந்தது.

"டேய்," என்றார் வாஹித் பாஷா. சிரிக்கவில்லை. "இருபது வருஷமா என் கட்சிக்கு நோன்பு வைக்கிறவடா அவ."

அவள் வடிகட்டியைக் கவிழ்த்து, டம்ளர்களைத் தட்டில் எடுத்து வைத்தாள்.

"தமாஷுக்குச் சொன்னேன் பாய், பேஜார் பண்ணிக்காதீங்க," என்றார் சமீருல்லா. டீயைக் குடித்துவிட்டு, "மூணு, பாபி" என்று விரலைக் காட்டிவிட்டுப் போனார்.

அன்று அவள் தூங்கினாள் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் அவர் நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

காலை ஏழரைக்கே பள்ளிக்கூடத்தில் வரிசை நீண்டிருந்தது. ஆண்கள் வேப்பமர நிழலில், பெண்கள் சுவரோரம். பெண் கான்ஸ்டபிள் ஒருத்தி, வாஹித் பாஷாவின் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்ததும் மூணு பேரையும் சாய்தளம் வழியாக நேராக உள்ளே அனுப்பினாள். மூணாவது ஆள் மகள் இரம். மேல்விஷாரம் காலேஜில் கடைசி வருஷம் படிக்கிறாள். போன பாராளுமன்றத் தேர்தலில்தான் அவள் முதல்தடவையாக ஓட்டுப் போட்டாள். யாருக்குப் போட்டே என்று அப்பா கேட்டதற்கு, "அத எதுக்குப்பா உங்களுக்குச் சொல்லணும்?" என்றாள். வாஹித் பாஷா வெடித்துச் சிரித்தார். பக்ருன்னிசா கரண்டியும் கையுமாக நின்றுவிட்டாள். இப்படி ஒரு பதில் இருக்கிறது என்றே அதுவரை அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை.

இரம் தன் வேலையை ரெண்டு நிமிஷத்தில் முடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

தேர்தல் அதிகாரி கண்ணாடி போட்ட நடுவயசுக்காரர். கர்ச்சீப்பைக் கழுத்தில் சுற்றியிருந்தார்.

"பாய், உங்களால தானா அழுத்த முடியுமா? தடவிப் பாத்துப் போடலாம். மெஷின்ல எண்ணெல்லாம் புள்ளி புள்ளியா தூக்கிக்கினு இருக்கும்."

வாஹித் பாஷா தன் வலது கையை விரித்துக் காட்டினார். "இதுல ஒண்ணும் தெரியாது சார். தோல் பாத்த கை. இப்ப பட்டன் இருக்கா இல்லியான்னே தெரியாது."

அதிகாரி ஒரு கணம் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு பக்ருன்னிசாவிடம் ஒரு படிவத்தை நீட்டினார். "துணைக்கு வர்றவங்க உறுதிமொழிம்மா. அவர் யாருக்குச் சொல்றாரோ அவருக்குத்தான் அழுத்தணும். அதை வெளிய யார்கிட்டயும் சொல்லக் கூடாது. இன்னிக்கு வேற யாருக்கும் துணையா போகக் கூடாது. படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க."

அவள் முழுக்கப் படித்தாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். படித்து முடித்துத்தான் கையெழுத்துப் போட்டாள்.

மை வைக்கும் பெண் முதலில் அவர் இடது ஆள்காட்டி விரலில் வைத்தாள். பிறகு பக்ருன்னிசாவின் வலது கையைப் பிடித்தாள்.

"நான் இன்னும் ஓட்டு போடலியேம்மா."

"உங்க ஓட்டுக்கு இடது கை. இது துணைக்கு வந்ததுக்கு. இனிமே வேற யாருக்கும் போக முடியாதுல்ல, அதுக்குத்தான்."

வலது விரலில் மை குளிர்ந்தது. பசையும் தோலும் படிந்த நகத்தின் மேல் கறுப்பாக ஒரு கோடு.

அட்டைத் தடுப்புக்குள் ரெண்டு பேரும் போனார்கள். அவர் கை அவள் தோளில் இருந்தது. உணர்ச்சியில்லாத விரல்களாதலால் எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. புர்காவுக்கு மேலாகவே வலித்தது.

"மூணு," என்று அவள் காதில் சொன்னார்.

அவள் மெஷினைப் பார்த்தாள். மூணு. அதற்குக் கீழே நாலு, அஞ்சு, ஆறு. நடுவில் ஒரு சாண் தூரம்கூட இல்லை. அஞ்சு வருஷமாக வராத மனுஷனின் பெயர் மேலே இருந்தது. வெயிலில் குடை பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக வந்து, அந்தத் தண்ணீரை வாங்கிக் குடித்து முகம் சுளித்த டீச்சரம்மாவின் பெயர் கீழே இருந்தது. இங்கே பார்க்க யாருமில்லை. எந்தப் பட்டனை அழுத்தினாலும் ஒரே சத்தம்தான். அப்புறம் அவர் கேட்பார், அவள் சத்தியம் செய்வாள், மூணு நாள் நோன்பு பிடிப்பாள். தெரிந்த வழிதான். விரல் ஆறுக்கு நேராகப் போய்க்கூட விட்டது.

தோளில் பிடி இறுகியது. பயந்துபோன பிடி அது. பஸ் நெரிசலில் பிள்ளைகள் அப்படிப் பிடிப்பார்கள்.

இருபத்தொரு வருஷமாக எந்தப் பட்டன் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், என்று நினைத்தாள். எனக்கு ஒரு புத்தி இருக்கிறது என்று ஒரு நாளும் நினைக்காதவர். இந்தத் தடுப்புக்குள் வந்துதானே அவரிடமிருந்து என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். இப்போது அவரும் இதற்குள் வந்து நிற்கிறார். அவருக்கென்று ஒரு ஓட்டு இல்லையென்று ஆக்கிவிட்டால், அவர் எனக்குச் செய்ததைத்தானே நான் அவருக்குச் செய்கிறேன்? என் கட்சி நல்லது, அவர் கட்சி கெட்டது என்றால் மட்டும் அது வேறாகிவிடுமா?

மூணை அழுத்தினாள்.

பீப் சத்தம் நீளமாகக் கேட்டது. பக்கத்துக் கண்ணாடிக்குள் சின்னச் சீட்டு வந்து நின்றது. அவருடைய சின்னம். ஏழு நொடி நின்று கீழே விழுந்தது. அதை முழுக்கப் பார்த்தவள் உலகத்தில் அவள் ஒருத்திதான்.

"விழுந்துச்சா?" என்றார்.

"விழுந்துச்சு."

அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத் தன் ஓட்டுக்கு மறுபடியும் வந்தாள். இடது விரலில் மை. தனியாக உள்ளே போய் ஆறை அழுத்தினாள். ஒன்று. ஒன்றுதான். ஆனால் வெளியே வரும்போது மூச்சு சுலபமாக வந்தது.

பள்ளிக்கூடத்திலிருந்து தள்ளி, பந்தல் போட்டு மேஜை வைத்து உட்கார்ந்திருந்தார்கள் கட்சிக்காரர்கள். சமீருல்லா எழுந்து வந்தார்.

"என்ன பாபி, மூணுதானே?"

"அவர் ஓட்ட அவர்கிட்ட கேளுங்க."

"மூணுதான்யா! இதுல இன்னா கேள்வி?" என்றார் வாஹித் பாஷா, மை வைத்த விரலை உயர்த்தி.

"நீங்க மூணுன்னு சொன்னீங்க பாய். அழுத்தினது யாரு?" மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். யாரோ ஒருத்தன், "பாய் ஓட்டு, பாபி விரலு!" என்றான். இன்னொரு சிரிப்பு.

வாஹித் பாஷாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஆனால் விரல் தானாகக் கீழே இறங்கியது.  ஷேர் ஆட்டோவில், தர்பூசணி வாங்கலாமா அப்பா என்று இரம் கேட்டபோது முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மதியம் கோதுமை ரொட்டியும் கத்தரிக்காய் போட்ட பருப்பும் தட்டில் வைத்து, கையைப் பிடித்து ரொட்டி இருக்கும் இடத்தைக் காட்டினாள். அவர் தொடவில்லை.

"ஆறுது, சாப்புடுங்க. மாத்திரை போட்டாச்சு, நேரம் தாண்டக் கூடாது."

"பக்ரு."

"சொல்லுங்க."

"நான் சொன்னதத்தான் அழுத்துனியா?"

"நீங்க சொன்னதத்தான் அழுத்துனேன்."

"மூணு?"

"மூணு."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சத்தியமா?"

அவள் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் தலையைத் திருப்பி, குளித்த தலையைத் துவட்டிக்கொண்டிருந்த மகளின் சத்தம் வந்த திசையில் கையை நீட்டினார். "இரம், இங்க வா. உக்காரு. பக்ரு, இவ தலைமேல கைவச்சிச் சொல்லு. எனக்குப் போதும்."

"என் தல எதுக்குப்பா? ஈரமா இருக்கு," என்றாள் இரம். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

எவ்வளவு சுலபம், என்று நினைத்தாள் பக்ருன்னிசா. நாலு தடவை பொய்க்குச் சொன்ன சொல். இன்றைக்கு ஒருநாள்தான் அது உண்மை. கையை வைத்துச் சொல்லிவிட்டால் அவர் சாப்பிடுவார், தூங்குவார். ஆனால் அந்தப் பழைய சொல்லையே எடுத்து இன்றைக்கும் கொடுத்தால், இன்றைக்குச் செய்தது அந்த நாலோடு போய்ச் சேர்ந்துவிடும். எது எதுவென்று யாருக்கும் தெரியாமல் போகும், தனக்கே தெரியாமல் போகும். அங்கே எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். வாயாலும் சொல்லிவிட்டாள். மிச்சம் அவர் பாடு. தன் ஓட்டு பெட்டிக்குள் தான் போட்டபடியே இருக்கிறது என்று அவளும்தானே பார்க்காமல் நம்பிவிட்டு வருகிறாள்?

"சத்தியம் பண்ண மாட்டேங்க," என்றாள்.

"ஏன்?"

"அழுத்துனேன்னு சொல்லிட்டேன். அதுக்கு மேல நீங்க கட்டைப் பிரிக்கச் சொல்றீங்க."

வாஹித் பாஷாவின் நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. பிறகு மெதுவாக மடியில் வந்து விழுந்தது. இரம் சத்தமில்லாமல் எழுந்து உள்ளே போனாள்.

"எப்பவும் கேட்ட உடனே பண்ணுவியே," என்றார் கடைசியில். குரலில் கோபம் இல்லை. ஒரு தோலை ரெண்டாவது தடவை தடவிப் பார்க்கிறவரின் நிதானம் இருந்தது. "இருபது வருஷமா. நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னால பண்ணுவ."

"ஆமா."

அவர் கட்டைவிரல் மை வைத்த விரலை உரசிக்கொண்டே இருந்தது. அது அவருக்குத் தெரிகிறதா என்று அவளால் சொல்ல முடியவில்லை. வெளியே கட்சி ஆட்டோ ஒன்று இன்னும் ஓட்டுப் போடாதவர்களைத் தேடிக்கொண்டு போனது. 

அவர் தடவி ரொட்டியை எடுத்தார். ஒரு துண்டு பிய்த்தார். வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்தினார்.

"நாளைக்கு நோன்பு வைப்பியா?"

கேட்ட விதத்தில் அவருக்கு எவ்வளவு புரிந்திருக்கிறது என்று அவள் அவர் முகத்தில் தேடினாள். கறுப்புக் கண்ணாடியில் ஜன்னல்தான் தெரிந்தது.

"கட்சிக்காகக் கேக்கறேன்," என்றார். "டைட்டுன்னு சொல்றான் சமீர். மூணு நாள்."

பக்ருன்னிசா பருப்புக் கிண்ணத்தை அவர் விரல் படும் தூரத்துக்கு நகர்த்தி வைத்தாள். ரெண்டு கைகளிலும் மை இருந்தது.

"இல்லங்க," என்றாள். "இந்த வாட்டி வைக்க மாட்டேன்."